அத்தியாயம் 6: திரை கேட்கும், கார் முடிவெடுக்கும்

இன்றைய கார்களில் பெரும்பாலும் இரண்டு திரைகள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒன்று, டேஷ்போர்டின் நடுவில் ஒன்று. ஏசி, பாட்டு, கதவுப் பூட்டு, உள்விளக்கு, டயர் காற்று, ரிவர்ஸ் கேமரா எல்லாமே இந்தத் திரைகளில்தான் தெரிகின்றன. அதனால் காரின் மூளையே அங்கேதான் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். திரை உறைந்து நின்றதும் பதறிப்போய் நெடுஞ்சாலையிலேயே இன்ஜினை அணைப்பதும், குளிர்ச்சி குறைந்ததும் திரையை மாற்றச் சொல்வதும் இந்த நினைப்பால் வருபவை.

இந்த அத்தியாயத்தில் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். திரை கோரிக்கை வைக்கிறது. முடிவெடுப்பது அந்தந்த வேலைக்கென்று இருக்கும் ஈசியூ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, வைப்பர் போன்றவற்றுக்கு ஒன்று எனக் காருக்குள் பல ஈசியூக்கள் இருக்கின்றன. விலை கூடிய கார்களில் இவை ஐம்பதைத் தாண்டும். இது புரிந்தால், எந்தக் கோளாறுக்கு அஞ்ச வேண்டும், எதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும்.

இரண்டு திரைகள், இரண்டு பொறுப்புகள்

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருப்பது மீட்டர். வேகம், எரிபொருள் அளவு, எச்சரிக்கை விளக்குகள் இதில் தெரியும். பிரேக்கில் பழுது என்றால் அதற்கான சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். வேகத்தைத் தவறாகக் காட்டவே கூடாது. எனவே மீட்டரின் மென்பொருளைப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு, தேவையானதை மட்டும் வைத்து எழுதுகிறார்கள். இக்னிஷன் போட்ட உடனே அது தயாராகிவிடும்.

நடுவில் இருப்பது இன்ஃபோடெயின்மென்ட் திரை. ஆண்ட்ராய்டு, லினக்ஸ், க்யூஎன்எக்ஸ் போன்ற இயங்குதளத்தில் ஓடும் முழுக் கம்ப்யூட்டர் இது. மேப், பாட்டு, போன், கேமரா, கார் அமைப்புகள் என்று ஒரே நேரத்தில் பல வேலைகளைச் சுமப்பதால் எப்போதாவது திணறி நிற்கும். நின்றாலும் மீட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சில புதிய கார்களில் ஒரே சிப் இரண்டு திரைகளையும் நடத்துகிறது. அங்கும் ஒன்று நின்றால் மற்றது நிற்காதபடி மென்பொருளை உள்ளுக்குள் பிரித்தே வைத்திருப்பார்கள்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் இந்தக் கணக்கில் தனி. உங்கள் போன் தன் படத்தைக் காரின் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். அதில் ஓடும் மேப் நின்றுபோனால் முதலில் கேபிளையும் போனையும் பாருங்கள். அதற்காகக் காரைச் சர்வீஸுக்கு விட வேண்டாம்.

ஒரு தொடுதலின் பயணம்

நடுத்திரையில் ஏசியை 26 டிகிரியிலிருந்து 23க்குக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நடப்பது இது.

முதலில், விரல் பட்ட இடத்தைத் திரை கண்டுகொள்கிறது. நடுத்திரைக் கம்ப்யூட்டர் “ஓட்டுநர் பக்கம் 23 டிகிரி வேண்டும்” என்ற பொருள் கொண்ட ஒரு குறுஞ்செய்தியை உருவாக்கி, காரின் தகவல் கம்பியில் விடுகிறது.

அந்தச் செய்தியை ஏசியின் ஈசியூ எடுத்துக்கொள்கிறது. கேபினுக்குள் எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, குளிர்விக்கும் காயிலின் வெப்பநிலை என்ன என்று தன் சென்சார்களைப் பார்க்கிறது. பிறகு சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடலைச் சிறு மோட்டாரால் நகர்த்துகிறது. புளோயர் வேகத்தை மாற்றுகிறது.

கம்ப்ரசரை ஓட்ட வேண்டுமென்றால் ஏசி ஈசியூ தானாக முடிவெடுப்பதில்லை. இன்ஜின் ஈசியூவிடம் கேட்கிறது. கம்ப்ரசர் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்னும். கூலன்ட் கொதிநிலையை நெருங்கிக்கொண்டிருந்தாலோ, முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை நீங்கள் முழுக்க மிதித்திருந்தாலோ, இன்ஜின் ஈசியூ “இப்போது முடியாது” என்று கம்ப்ரசரை நிறுத்திவைக்கும். ஆளேற்றி, சுமையேற்றி மலைப்பாதையில் ஏறும்போது குளிர் சட்டென்று குறைந்தால் கூலன்ட் வெப்பநிலையை உடனே பாருங்கள். அது ஏறியிருந்தால், ஓரமான இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.

கடைசியாக, “23 டிகிரிக்கு மாற்றிவிட்டேன்” என்று ஏசி ஈசியூ பதில் அனுப்புகிறது. பல கார்களில் திரையில் எண் மாறுவது இந்தப் பதில் வந்த பிறகுதான்.

பழுது எங்கே என்று தேட இந்த வரிசையே போதும். திரையில் எண் மாறுகிறது, புளோயர் வேகமும் மாறுகிறது, குளிர் மட்டும் வரவில்லை என்றால் திரை தன் வேலையைச் செய்துவிட்டது. கேஸ், கம்ப்ரசர், கண்டன்சர் மின்விசிறி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டும் எண்ணே மாறவில்லை, ஆனால் பாட்டும் மேப்பும் ஒழுங்காக ஓடுகின்றன என்றால் திரைக்கும் ஏசி ஈசியூவுக்கும் இடையே உள்ள கப்ளர், வயர், பியூஸ் ஆகியவற்றில் தேட வேண்டும். எதைத் தொட்டாலும் பதில் இல்லை என்றால்தான் திரையையே சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு கம்பிகளில் ஓடும் பேச்சு

பழைய காரில் ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் அது இயக்கும் கருவிக்குத் தனி வயர் ஓடியது. கருவிகள் பெருகப் பெருக வயர்க்கட்டு தடித்து, எடை கூடி, பழுது தேடுவதே பெரும்பாடானது. இதற்குத் தீர்வாக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ‘கேன்’ என்ற தகவல் முறையை 1983இல் உருவாக்கத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்தியது. காரில் தொடுதிரை வந்ததும் அதே 1986 மாடலில்தான். பியூக் ரிவியேரா என்ற அமெரிக்கக் காரில், பழைய டிவி போன்ற படக்குழாயில் ஏசியையும் ரேடியோவையும் தொட்டு இயக்கும் வசதி இருந்தது.

ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள்தான் கேன். ரயில் நிலைய ஒலிபெருக்கி அறிவிப்பைப் போல இதில் விடப்படும் செய்தி எல்லா ஈசியூக்களுக்கும் கேட்கும். தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தகவல். இன்ஜின், பிரேக் பகுதிகளில் பொதுவாக நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடுவதால், ஒரு செய்தி போய்ச்சேர நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு ஈசியூக்கள் ஒரே கணத்தில் பேச முயன்றால் சிறிய எண் கொண்ட செய்தி முந்தும். மற்றது காத்திருந்து மறுபடி வரும். பிரேக் தொடர்பான செய்திகளுக்குச் சிறிய எண்களைக் கொடுப்பது இதனால்தான். நீங்கள் ஏசியை மாற்றிய செய்தி பிரேக்கின் பேச்சைத் தடுக்காது.

கண்ணாடி ஏற்றி இறக்குவது, சைடு மிரரைத் திருப்புவது போன்ற சிறு வேலைகளுக்கு ‘லின்’ என்ற ஒற்றைக் கம்பி முறை போதும். கேமரா படத்துக்கு இந்த வேகங்கள் போதா. அதற்குத் தனி கேபிள் வரும். ரிவர்ஸ் கியர் போட்டதும் “கியர் ரிவர்ஸில் இருக்கிறது” என்ற செய்தி கேனில் வருகிறது. படம் கேமரா கேபிளில் வருகிறது. கறுப்புத் திரையில் வழிகாட்டிக் கோடுகள் மட்டும் தெரிந்தால் செய்தி வந்துவிட்டது, படம் வரவில்லை என்று பொருள். கேமராவையும் அதன் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்காது

கோரிக்கையை மறுக்கும் உரிமை ஈசியூவுக்கு உண்டு. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது டிக்கி திறக்கும் பட்டனைத் தொட்டால் கதவு ஈசியூ முதலில் வேகத்தைப் பார்க்கும். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் மறுத்துவிடும். வீடியோ ஓடாததும், போனை புளூடூத்தில் இணைக்கும் பக்கம் சில கார்களில் ஓட்டத்தின்போது மங்கிப்போவதும் இதே காரணத்தால்தான். இவை பழுதல்ல.

வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சியைத் திரையிலோ பட்டனிலோ அணைக்கலாம். ஆனால் அடுத்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அது தானாகத் திரும்ப இயங்கும். சேற்றிலோ மணலிலோ சக்கரம் சுற்றி நிற்கும்போது மட்டும் அணைத்து, வெளியே வந்ததும் நீங்களே மறுபடி போட்டுவிடுங்கள்.

சில ஒலிகளை எந்த மெனுவிலும் அணைக்க முடியாது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணிகள் கார்களில் சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும். பெல்ட் கொக்கியில் போலிக் கிளிப்பைச் செருகி ஒலியை நிறுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏர்பேக், பெல்ட் போட்ட உடலைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடலை அதே ஏர்பேக் காயப்படுத்தக்கூடும். அந்தக் கிளிப்பைத் தூக்கி எறியுங்கள்.

நீங்கள் மாற்றலாம், மாற்ற வேண்டும்

புதுக் காரோ பழைய காரோ, கைக்கு வந்த முதல் வாரத்தில் வண்டியை நிறுத்திவைத்து ‘வெஹிக்கிள் செட்டிங்ஸ்’ பகுதியை முழுக்கப் பாருங்கள். குறிப்பாக இவற்றை:

• வண்டி நகர்ந்ததும் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்வதும், நிறுத்தியதும் திறந்துகொள்வதும். குழந்தைகள் பின்னால் உட்காரும் குடும்பத்துக்கு முதலாவது அவசியம்.

• டயர் காற்று. சில கார்களில் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருந்து அழுத்தத்தை எண்ணாகக் காட்டும். வேறு சிலவற்றில் ஏபிஎஸ்ஸின் சக்கரவேகச் சென்சார்களைக் கொண்டே காற்றுக் குறைவை ஊகிப்பார்கள். காற்று குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும். இந்த இரண்டாம் வகையில், காற்று அடித்த பிறகு மெனுவில் ரீசெட் செய்தால்தான் அடுத்த எச்சரிக்கை சரியாக வரும்.

• திரையின் இரவு வெளிச்சம். இருட்டில் திரை பளிச்சென்று இருந்தால் எதிரே சாலையில் நிற்கும் ஆளோ மாடோ கண்ணுக்குத் தப்பும். முடிந்தவரை குறைத்துவையுங்கள்.

• தானியங்கி பிரேக், லேன் விலகல் எச்சரிக்கை இருந்தால் அவற்றின் உணர்திறன். பிரேக் உதவியை அணைக்க வேண்டாம்.

இந்த அமைப்புகளில் பல, திரையின் நினைவில் இருப்பதில்லை. அந்தந்த ஈசியூவில் பதிகின்றன. எனவே திரையை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் போகிறவை முக்கியமாகப் போன் எண்கள், வீட்டு முகவரி, பாட்டுப் பட்டியல் போன்றவை. காரை விற்கும் முன் இந்த ரீசெட்டைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் அழைப்புப் பட்டியல் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.

ஒரே சென்சார், நான்கு விளக்குகள்

சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆயில் அழுத்தம், பிரேக், கூலன்ட் சூடு, சார்ஜிங் ஆகியவை இதில் அடங்கும். மஞ்சள் என்றால் நிதானமாக ஓட்டிச்சென்று விரைவில் காட்டுங்கள். மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து, வண்டியை வருத்தாமல் நிறுத்திவிடுவது நல்லது. இன்ஜினில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் சைலென்சர் பக்கமுள்ள புகைச் சுத்திகரிப்பானைச் சூடாக்கிக் கெடுக்கும் நிலை அது. பச்சையும் நீலமும் வெறும் தகவல்.

பலரைக் கலங்கவைப்பது, ஏபிஎஸ், ஈஎஸ்சி, மலைச்சரிவு உதவி, டயர் காற்று என நான்கு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவது. நான்கும் நம்பியிருப்பது சக்கரவேகச் சென்சாரை. ஒரு சக்கரத்தின் சென்சார் வயர் அறுந்தாலோ, அதன் முனையில் இரும்புத்தூளும் சேறும் அப்பிக்கொண்டாலோ, நான்கு வேலைகளும் ஒன்றாக நின்றுவிடும். சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும்; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் உதவி மட்டும் இருக்காது. இடைவெளி விட்டு, வேகம் குறைத்து ஓட்டுங்கள். இதோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒன்றாக எரிந்து, திரையும் அணைந்து அணைந்து வந்தால் பேட்டரியைச் சோதியுங்கள். இன்ஜின் ஓடாமல் 12.6 வோல்ட் அளவும், ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். வோல்ட் சரிந்தால் ஈசியூக்கள் ஒன்றையொன்று காணாமல் ஆளுக்கொரு புகாரைப் பதிவுசெய்யும்.

டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். மெக்கானிக் அதில் ஸ்கேனரைச் செருகியதும் வரும் கோடுகளை அழிக்கும் முன் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கில ‘யூ’ எழுத்தில் தொடங்கும் கோடு, ஈசியூக்களுக்கு இடையே பேச்சு அறுந்ததைக் குறிக்கும். அப்படி வந்தால் வயர், கப்ளர், எர்த் இணைப்பு, பேட்டரி ஆகியவற்றைப் பார்க்காமல் புது ஈசியூ வாங்கச் சம்மதிக்காதீர்கள்.

ஓடும்போது நடுத்திரை அணைந்தால்

1. ஓட்டிக்கொண்டே இருங்கள். ஸ்டீயரிங், பிரேக், இன்ஜின் எதுவும் நடுத்திரையை நம்பியில்லை. ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்தால்தான் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும்.

2. மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு இல்லையென்றால் அடுத்த பாதுகாப்பான இடம்வரை போகலாம்.

3. நிறுத்திய பிறகு, ஆடியோ பவர் பட்டனைப் பத்து வினாடி அளவுக்கு அழுத்திப் பிடியுங்கள். பல கார்களில் திரை மறுபடி தொடங்கும். உங்கள் காரின் முறை வேறாக இருக்கலாம். கையேட்டில் பார்த்து இன்றே குறித்துவையுங்கள்.

4. வரவில்லையென்றால் இன்ஜினை அணைத்து, இறங்கி, கதவுகளைப் பூட்டிச் சில நிமிடம் விடுங்கள். ஈசியூக்கள் உறங்கி விழித்ததும் பெரும்பாலும் சரியாகும். அடிக்கடி நிகழ்ந்தால் மென்பொருள் அப்டேட் கேளுங்கள்.

திரை மட்டுமே வழியாக உள்ள வசதிகள் அப்போது கிடைக்காது. 2021இன் தொடக்கத்தில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. நடுத்திரைக் கம்ப்யூட்டரில் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப், ஓயாமல் எழுதி அழித்ததில் தேய்ந்து திரை செயலிழந்தது. கார்கள் ஓடின, ஆனால் ரிவர்ஸ் கேமராவும், முன்கண்ணாடியின் பனிமூட்டம் நீக்கும் கட்டுப்பாடும், இன்டிகேட்டர் ஒலியும் போயின. மழையில் கண்ணாடி மங்கும்போது அதை நீக்கும் பட்டன் உங்கள் காரில் தனியாக இருக்கிறதா, திரைக்குள் மட்டும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

வெளிக்கடைத் திரை போடும் முன்

பெரிய ஆண்ட்ராய்டு திரையை வெளிக்கடையில் மாட்டும்போது, காரின் கேன் செய்திகளை அதற்குப் புரியவைக்க ‘கேன்பஸ் டீகோடர்’ என்ற சிறு பெட்டி வேண்டும். அது உங்கள் மாடலுக்கு உரியதாக இல்லையென்றால் ஸ்டீயரிங் பட்டன்கள், ரிவர்ஸ் சென்சார் படம், ஏசி தகவல் ஆகியவை போய்விடும். கம்பெனித் திரையிலேயே கார் அமைப்புகள் இருந்தால், அவற்றை மாற்றும் வழியும் அதோடு போகும். உங்கள் மாடலுக்கான கப்ளரோடு மட்டும் மாட்டச் சொல்லுங்கள். ஒரு வயரைக்கூடச் சீவி ஒட்ட விடாதீர்கள். கேன் கம்பியில் நிகழும் ஒரு தவறான இணைப்பு வண்டியை ஸ்டார்ட் ஆகாமலே நிறுத்தக்கூடும். வாரன்டியும் போகலாம்.

இணையத்தோடு இணையும் திரை எவ்வளவு பெரிய வாசல் என்பதை 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் காட்டினார்கள். ஓடும் ஜீப் செரோக்கியின் இன்ஃபோடெயின்மென்ட் அமைப்புக்குள் மொபைல் இணைப்பு வழியே புகுந்து, அங்கிருந்து கேனுக்குள் சென்று, காரின் வேகம் குறையும்படி செய்தார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இன்று பல கார்களில் திரைக்கும் இன்ஜின், பிரேக் கம்பிகளுக்கும் நடுவே ‘கேட்வே’ என்ற காவல் பெட்டி இருக்கிறது. அனுமதியுள்ள செய்தியை மட்டுமே அது கடக்க விடும். ஓபிடி சாக்கெட்டில் பெயர் தெரியாத மலிவுக் கருவியை நிரந்தரமாகச் செருகிவைப்பது அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் திறக்கலாம். பயன்படுத்தியதும் கழற்றிவிடுங்கள்.

கண் சாலையில் இருக்கட்டும்

2022இல் ஸ்வீடனின் ‘வி பிலாகரே’ கார் இதழ், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏசியை மாற்றுவது, ரேடியோ வைப்பது போன்ற வேலைகளைச் சோதித்தது. பட்டன்கள் கொண்ட 2005 மாடல் வோல்வோவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 வினாடி ஆனது. கார் 306 மீட்டர் போயிருந்தது. மிக மோசமான தொடுதிரைக் காரில் 44.9 வினாடி, 1,372 மீட்டர். 2026 முதல், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, இன்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் தனிக் கட்டுப்பாடு இருக்கும் கார்களுக்கே முழு மதிப்பெண் தருகிறது.

கார் வாங்கும்போது இதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் உட்கார்ந்து, கண்ணை எதிரே வைத்தபடி புளோயர் வேகம், கண்ணாடி மூட்டம் நீக்கி, ஹசார்டு மூன்றையும் இயக்க முடிகிறதா என்று பாருங்கள். கார் வீட்டுக்கு வந்த பிறகு, மேப்பில் ஊர் பெயர் தேடுவதையும் பாட்டுப் பட்டியல் புரட்டுவதையும் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். நீங்கள் தொட்டதில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று பார்க்க ஈசியூக்கள் இருக்கின்றன. சாலையைப் பார்க்க நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்.